வராளியில் வந்த அழைப்பு

கச்சேரி இடைவேளை. தறிக் கொட்டிலை விட்டு வெளியே வந்தேன். பூவரச மரத்தடி வாங்குப் பலகையில் என் வீட்டுக்காரர் வழக்கம்போலச் சனத்தின் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். ஒரு கையில் பத்திரிகை, மறு கையில் என் கைத்தொலைபேசி. பக்கத்தில் எனக்கென்று மூடி வைத்த பிளேன்ரீ.

“ஆரோ ஒரு பொம்பிள ரெண்டு தரம் எடுத்தவ, மலர்” என்றார். “ராகம் கேக்கிற ஆக்கள்தான். கச்சேரி முடிஞ்சாப்பிறகு எடுங்க எண்டு சொல்லிக் கட் பண்ணிப் போட்டன்.”

ஒரு வேலையை ஒழுங்காக முடித்த மனிதரின் முகத்தோடு மறுபடி பத்திரிகைக்குள் போய்விட்டார். நானும் “நல்லது” என்றேன். தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். இஞ்சி தூக்கலாக இருந்தது.

அந்த ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நடந்ததைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேரே எழுத வரவில்லை. “ராகம் கேக்கிற ஆக்கள் யார்?” என்று உங்களில் பாதிப் பேர் கேட்பீர்கள். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். ஆலாபனை செய்கிறவளிடம் சுருக்கச் சொல்லக் கேட்பது உங்கள் பிழை.

சொல் இல்லாத கச்சேரி

சமாதான காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் அதைத் தொடங்கினோம். நான் கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர், கையில் வயலின். ஏறாவூர் கபூர் நானா தறிக்காரர், கையில் புல்லாங்குழல். அவர் யாரிடமும் முறையாகப் படித்தவர் இல்லை. ஆனால் துளையை விரலால் அரைகுறையாக மூடித் திறந்து அவர் ஒரு சுரத்தை அசைக்கிற அசைவைக் கேட்டபோது, முறையாகப் படித்த நான் வாயை மூடிக்கொண்டேன். அது அபூர்வம் என்பதை என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் பின்னேரம் கச்சேரி. போயாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, தறி இல்லை, சாராயக் கடையும் இல்லை. ஆம்பிளைகள் செய்ய ஒன்றுமில்லாமல் வீட்டில் இருப்பார்கள். சனம் வந்து குவிந்ததற்கு இசை ஆர்வம் மட்டுமே காரணம் என்று நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

எங்கள் கச்சேரியில் பாட்டு கிடையாது. ஆலாபனை மட்டும். ஒரு ராகத்தை எடுத்து, எழுதி வைத்த எதுவுமில்லாமல், அன்றைக்கு மனம் போகிற போக்கில் வளர்ப்பது. இதைப் பெரிய கலைக் கொள்கை என்று நினைத்துக் கொழும்பிலிருந்து ஒருவர் பேட்டி எடுக்கக்கூட வந்தார். கொள்கையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அந்தக் காலத்தில் பாட்டில் சொல் இருந்தால் கரைச்சல். “வெற்றி” என்று ஒரு சொல் வந்தால் யாருக்கு வெற்றி என்று ஒரு பக்கம் கேட்கும். “தாயே” என்றால் எந்தத் தாய் என்று மறுபக்கம் கேட்கும். “ஆ” என்பதை யாரும் பிடித்து விசாரிக்க முடியாது.

கைதட்டலும் கிடையாது. முதல் கச்சேரியில் சனம் மகிழ்ந்துபோய் ஒரே நேரத்தில் தட்டியதில், தெருமுனைக் காவலரணில் இருந்த ஆமிப் பொடியன்கள் துவக்கோடு ஓடிவந்து வாசலில் நின்றார்கள். அதற்குப் பிறகு வாசிப்பில் ஒரு பிடி மனதுக்குப் பிடித்தால் எங்கள் ஆட்கள், ஆம் என்ற பொருளில், “ஓம்” என்பார்கள். சத்தம் போடாமல், தலையை அசைத்து, “ஓம்... ஓம்.” அதைக் கேட்டுப் பழகியவளுக்கு இன்றைக்கும் கைதட்டல் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

கட்டைக்கு நடுவில்

இன்ன ராகம் வாசிக்கப் போகிறோம் என்று முன்னதாகச் சொல்ல மாட்டோம். சனம் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். இதனால் சண்டை. “அது சகானாதான்”, “உனக்குக் காது மந்தம்” என்று பஸ்ஸில் தொடங்கி, வீட்டில் தொடர்ந்து, கடைசியில் தீர்ப்புக்கு என்னிடம் வரும். எப்படி? தொலைபேசியில். பெயர் சொல்லாமல், சுகம் கேட்காமல், எடுத்தவுடனே “ஆ...” என்று இழுப்பார்கள். பாடி முடித்துவிட்டு “இது என்ன ராகம் ரீச்சர்?” என்பார்கள்.

இவர்கள்தான் ராகம் கேக்கிற ஆக்கள். தொடக்கத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. நெல்லு வட்டையில் நின்றுகொண்டு, காற்றுச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மனிதர் பேகடாவைப் பாடிக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. பிறகு சோறு வடிக்கும்போதும், குளிக்கும்போதும் மணி அடித்ததில் பெருமை கழன்றுவிட்டது. போனைப் பிடிக்கும் வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்தவர். நல்ல மனிதர், ஆனால் இசை விஷயத்தில் கல். தேவாரத்தையும் தேர்தல் பிரசாரத்தையும் ஒரே முகத்தோடு கேட்பார். யாராவது “ஆ” என்று தொடங்கினால் “கச்சேரி முடிஞ்சு எடுங்க” என்று கட் பண்ணிவிடுவார். கச்சேரியே இல்லாத நாட்களிலும் அதையேதான் சொல்வார்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடப்பது விளங்காது. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைதான். நம்முடைய ராகங்கள் அந்தக் கட்டைகளின் மேல் குடியிருப்பதில்லை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவிலுள்ள சந்துகளில்தான் அவற்றின் சீவியம். அதனால் எங்கள் கச்சேரிக்குள் ஆர்மோனியத்தை நான் விடவில்லை. வீட்டில் இருந்த ஆர்மோனியத்தின் மேல் ஊறுகாய்ப் போத்தல் வைத்திருந்தேன்.

அந்தச் சந்துகளில் மிக ஒடுக்கமான ஒன்று வராளி ராகத்தின் மத்தியமம். மற்ற ராகங்களின் மத்தியமத்தைவிட அது உயரத்தில் நிற்கும். அடுத்த வீடு பஞ்சமம். அதன் வாசலுக்குப் போய், கதவைத் தட்டாமல் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் பஞ்சமமாகிவிடும், குறைந்தால் வராளி செத்துவிடும். பாடுகிறவர்களில் பலர் பயத்தில் தள்ளியே நின்றுவிடுவார்கள்.

என் தங்கச்சி வதனி பயப்பட மாட்டாள்.

கூடாத ராகம்

வதனி என்னைவிட மிகவும் இளையவள். அவளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவள் நான். எங்கள் கச்சேரியின் தொடக்க நாட்களில் பாடியவளும் அவள்தான்.

வராளியைக் குரு சீடருக்கு நேரே சொல்லிக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டு பேரும் பிரிந்துவிடுவார்கள் என்று சங்கீதக்காரர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டுத் தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு இப்படியான கதைகளில் நம்பிக்கை இல்லை. முன்னால் இருத்தி, தொடையில் தாளம் தட்டி, நேராகவே சொல்லிக் கொடுத்தேன்.

மத்தியமத்தில் அவள் மேலே, மேலே போய், விளிம்பில் நின்று ஊசலாடுவாள்.

“பஞ்சமத்தைத் தொட்டுட்டாய்!” என்று கத்துவேன்.

“தொடல்லக்கா. பக்கத்தில நிண்டு பாத்தன்” என்பாள்.

இந்தச் சண்டை எங்களுக்குள் தீரவே இல்லை. பிறகு அவள் வடக்கே வன்னியில் ஒரு வாத்தியாரை விரும்பி, அங்கேயே கலியாணம் முடித்துப் போனாள். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். நான் வேண்டாம் என்று நின்றேன், அவள் போவேன் என்று நின்றாள். இருவருக்கும் வாய் நீளம். அவள் போன பிறகு பல மாதங்கள் பேச்சு இல்லை. ஊர் வராளியைச் சாட்டியது. கபூர் நானாகூட ஒருநாள் தயங்கித் தயங்கி, “அந்த ராகத்தை நீங்க சொல்லிக் குடுத்திரிக்கப்படாது, ரீச்சர்” என்றார். அவரோடும் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

ஆர்மோனியம் பிழைத்த கதை

சுனாமியாகக் கடல் வந்த நாளும் போயாதான். ஞாயிற்றுக்கிழமை. அன்று பின்னேரம் கல்லடிக் கடற்கரைப் பக்கத்து மண்டபத்தில் எங்கள் கச்சேரி இருந்தது. பஸ் ஒழுங்காக ஓடாத நாள் என்பதால், கபூர் நானாவைக் கையோடு கூட்டி வருவதற்காக நான் விடியவே ஏறாவூருக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி இடியப்பம் தந்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெருவில் சனம் ஓடிவந்தது. பாலத்துக்கு அங்கால் ஊரே இல்லை என்றார்கள்.

வீட்டுக்காரர் கல்லடியில் வீட்டில் இருந்தார். பின்னேரம் வரை நான் என்ன செய்தேன், எங்கெல்லாம் ஓடினேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில், இடுப்புச் சாரம் கிழிந்து, உடம்பெல்லாம் சேற்றோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஆர்மோனியம்.

மாடி வீட்டுக்கு ஓடும்போது, மலருக்குத் தேவைப்படுமே என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பக்கத்திலேயே வயலின் இருந்திருக்கிறது. அது போய்விட்டது.

“ரெண்டும் ஒண்டுதானே?” என்றார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவிலேயே ஏசவும் செய்தேன்.

எங்கள் மண்டபம் அத்திவாரத்தோடு போயிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து “ஓம்” சொல்கிற முகங்களில் பல அதற்குப் பிறகு எங்கும் இல்லை. அதை இங்கே விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை.

சில நாட்களில் வதனி வந்தாள். வன்னியிலிருந்து பஸ் மாறி, லொறி ஏறி, மிச்சத்தை நடந்து, முகாம் முகாமாகத் தேடி வந்திருக்கிறாள். தோளில் ஒரு வயலின் பெட்டி. யாரிடம் பிடுங்கிக்கொண்டு வந்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. என்னைக் கண்டதும் முதல் வேலையாகத் திட்டினாள். “உசிரோட இரிக்கன் எண்டு ஒரு சொல்லு அனுப்பப்படாதா? நான் என்னெண்டு நினைச்சிரிப்பன்?” என்றாள். எங்களுக்குள் இருந்த கோபம் அத்தோடு முடிந்தது. ஒரு கிழமை எங்களோடு தங்கிவிட்டுத் திரும்பிப் போனாள்.

போயாக் கச்சேரி அதன் பிறகு ஏறாவூரில், வாவிக் கரையோரம் கபூர் நானாவின் தறிக் கொட்டிலுக்கு இடம் மாறியது. தறிகளைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த வாவியில் பேர்போன பாடும் மீனைக் கேட்க முடியுமா என்று விசாரிப்பார்கள். மீனுக்குச் சுருதிச் சுத்தம் போதாது, அதனால் மேடை கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்புவேன்.

பால்சோறு

பிறகு சண்டை மறுபடி வந்தது. வெல்லாவெளிப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. பள்ளிக்கூடங்கள் திரும்பவும் முகாம்கள் ஆயின. சில போயாக்களுக்குக் கச்சேரி நடந்தது, சிலவற்றுக்கு நடக்கவில்லை. எங்கள் பக்கம் ஓய்ந்த பிறகு யுத்தம் வன்னிக்குள் போனது. பாதை மூடியது. வதனியின் தொலைபேசி முதலில் ஒலித்து ஓய்ந்தது, பிறகு ஒலிக்கவும் இல்லை. அவளுக்கு அப்போது ஒரு கைக்குழந்தை.

யுத்தம் முடிந்த அந்த வருஷத்தின் முதல் மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். வானொலியில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றும் கடற்கரைக்குக் கிட்டக் கிட்டப் போகும். சனம் குறுகிக்கொண்டே போகிற ஒரு நிலத்துண்டில் என் தங்கச்சியும் நிற்கிறாள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முடிந்துவிட்டது என்று அறிவித்த நாளில் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். முச்சக்கர வண்டிகளில் கொடி. தெருவில் மறித்துப் பால்சோறு கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். வாங்காமல் போகத் துணிவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி ஷெல் விழாது என்பது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் கூசியது. அவள் இல்லாமல் போயிருந்தால் இந்த நிம்மதியை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

தப்பி வந்தவர்களை வவுனியாப் பக்கத்து முகாம்களில் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். வீட்டுக்காரர் பஸ் ஏறிப் போய், கம்பிக்கு வெளியே நின்று, போகிற வருகிற முகங்களிடம் எல்லாம் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார். தொண்டை கட்டித் திரும்பி வந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த மாதிரி நேரத்தில்தான் அடுத்த போயா வந்தது. கச்சேரி வேண்டாம் என்றேன். கபூர் நானா விடவில்லை. “வீட்டில இரிந்து என்ன செய்யப்போறீங்க ரீச்சர்? வாங்க. வாசிக்க ஏலாட்டி சும்மா இரிங்க” என்றார்.

முட்டல்ல

இப்போது பூவரச மரத்தடிக்குத் திரும்புவோம். கையில் தேநீர், ஒரு வாய் குடித்தாயிற்று.

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பழக்கதோஷம்தான்.

“என்ன பாடினவ?” என்றேன்.

“எனக்கென்ன தெரியும்? ஆ... எண்டு ஒரு இழுவை. மற்ற ஆக்கள் மாதிரி ராகம் என்னெண்டும் கேக்கல்ல.” பத்திரிகையைத் திருப்பினார். பிறகு ஏதோ யோசித்தவராக அதை மடியில் வைத்தார். “ஆனா இது ஒரு மாதிரி, மலர். மேல போறா, மேல போறா, இந்தா முட்டப் போறா எண்டு பாத்தா...” வலது கையை உயர்த்திக் காட்டினார். தலைக்கு மேல் தாழ்ந்திருந்த கிளைக்குக் கிட்டப் போய், அதைத் தொடாமல் கை நின்றது. விரல்கள் அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தன. “முட்டல்ல. அங்கேயே நிண்டு ஆடுறா. எனக்கே கேட்டுக்கொண்டு இரிக்க ஏலல்ல. அதுதான் கெதியாக் கட் பண்ணின.”

தேநீர்க் கோப்பை என் கையை விட்டுப் போனது.

அந்தக் கை நின்ற இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்துக்காக எத்தனை வருஷம் சண்டை பிடித்தவள் நான். தேவாரத்துக்கும் தேர்தலுக்கும் பேதம் தெரியாத மனிதர், வராளி மத்தியமத்தைக் கிளைக்குக் கீழே அந்தரத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

“அது வதனி” என்றேன். “ரெண்டு தரம் கட் பண்ணினீங்களா? வதனியை ரெண்டு தரம் கட் பண்ணினீங்களா?”

அவர் முகத்தில் இரத்தம் இல்லை. போனைப் பறித்தேன். வந்த இலக்கம் திரையில் இருந்தது. அதை அழுத்தப் போன நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்தது. கபூர் நானா. கொட்டில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“போன் அடிக்காதீங்க, ரீச்சர்.”

“விடுங்க நானா. என்ர தங்கச்சி.”

“தங்கச்சிதான். ஏன் ஒரு சொல்லும் கதைக்கல்ல எண்டு யோசிச்சுப் பாருங்க. ஆரிட போனோ. ஒளிச்சு வெச்சிரிக்கிற போனா இரிந்தா? நீங்க அடிக்க, அங்க மணி கேட்டா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. முகாமுக்குள் போன் வைத்திருந்து பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அந்த நாட்களில் எல்லோரும் கதை கதையாகச் சொல்வார்கள். விரலை எடுத்தேன். ஆனால் அவள் மூன்றாம் முறை எடுப்பாள் என்று யார் சொன்னது? இரண்டு தரம் ஏச்சு வாங்கியவள் திரும்ப எடுப்பாளா? போன் கைமாறிப் போயிருந்தால்? அல்லது இது வேறு யாரோ ஒரு பெண்ணாக, உண்மையிலேயே ராகம் கேட்கிறவளாக இருந்தால்?

“இரிங்க. எடுப்பா” என்றார் கபூர் நானா. “சனத்தை நான் பாத்துக்கிறன்.”

உள்ளே போய்க் குழலை எடுத்தார். அவர் வாசித்தது வராளி. கூடாத ராகம் என்று சொன்ன அதே மனிதர், வெளியே நான் இருக்கிறேன் என்று தெரிந்துதான் அதை எடுத்தார். நான் வாங்கில் இருந்தேன். வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நின்றார். அவரிடம் ஒரு நல்ல சொல் சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை.

மணி அடித்தது.

காதில் வைத்தேன். முதலில் கூடாரச் சீலை காற்றில் அடிக்கிற சத்தம். தூரத்தில் ஒலிபெருக்கி. கிட்டத்தில் ஒரு குழந்தையின் சிணுங்கல். அதன் பிறகு குரல். கரகரத்து, மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. குழந்தையை நித்திரையாக்குகிற தாய்மாரின் குரல். மெல்ல ஏறி, மத்தியமத்துக்குப் போய், அந்த விளிம்பில் நின்றது.

தொடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அவள் தொடாமல் விட்ட பஞ்சமத்தை நான் பாடினேன். நீட்டமாக, ஒரே மூச்சில், அதைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது. அந்தப் பக்கம் குரல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மூச்சும் விக்கியது. பிறகு தொடர்பு அறுந்தது.

நான் சிரித்தேன். மரத்தடியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்காரர் பயந்துபோய் என் தோளைப் பிடித்து உலுப்பினார். “இரிக்காள்” என்றேன். “இரிக்காள். பிள்ளையும் இரிக்கு.” அவர் வாங்கில் விழுந்தது போல உட்கார்ந்து, முகத்தைப் பத்திரிகையால் மூடிக்கொண்டார்.

அபசுரம்

அதோடு எழும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கொட்டிலுக்குள் போய் வயலினை எடுத்துக் கபூர் நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு எங்காவது கையை வைக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குப் போல அபசுரமாக என் வாழ்நாளில் நான் வாசித்ததில்லை. வில் கீச்சிட்டது. விரல்கள் விழுந்த இடமே சுரம். மயிரிழை பிசகினால் பிள்ளைகளின் கையைத் தட்டுகிற ரீச்சர், முழக் கணக்கில் பிசகிக்கொண்டிருந்தேன். ஒருவரும் “ஓம்” சொல்லவில்லை. சொன்னால் அது பொய். எங்கள் சனம் கச்சேரியில் பொய் சொல்லாது.

கபூர் நானா குழலை இறக்கினார். “ரீச்சர், எடுத்தவங்களா?” என்று மெல்லக் கேட்டார்.

“வதனி இரிக்காள்” என்றேன். கொட்டில் முழுக்கக் கேட்டது.

எப்படித் தெரியும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று அந்தச் சனத்துக்குத் தெரியும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். கபூர் நானா “அல்ஹம்துலில்லாஹ்” என்று முகத்தைத் தடவிக்கொண்டார். “வாசிங்க ரீச்சர். எப்படியெண்டாலும் வாசிங்க. இண்டைக்கு ஒருத்தரும் பிழை பிடிக்கமாட்டம்” என்றார். இருட்டுப் படுமுன் சனம் கலையும் வரை, பிழை பிழையாக வாசித்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் இல்லை.

கலையும்போது ஒரு அம்மா செருப்பை மாட்டாமல் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். அவருடைய மகனும் வன்னியில்.

“தம்பி, என்ர மகனுக்குப் பாட வராது” என்றார். “அவன் எடுத்தா என்னெண்டு கண்டுபிடிக்கிற?”

வீட்டுக்காரர் கீழே குனிந்து அந்த அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் வைத்தார்.

செங்கலடிச் சந்தி

சில மாதங்கள் கழித்து வதனியை விட்டார்கள். செங்கலடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் துணிப்பை. அவளுடைய கணவர் கடைசிக் கிழமைகளில் செத்துப்போனதை அங்கே தெருவில் நின்றுதான் சொன்னாள். வேறு எங்கே வைத்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை என் கழுத்தைப் பிடித்து மூக்குக் கண்ணாடியை இழுத்தது.

போன் பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுடையதாம், மா மூட்டைக்குள் ஒளித்து வைத்தது. தனியே கதைக்கிற பெண்ணைக் காவல்காரர்கள் கவனிப்பார்கள், தாலாட்டுகிறவளைக் கவனிக்க மாட்டார்கள். பிள்ளையின் தலைக்கடியில் போனை வைத்துக்கொண்டு பாடியிருக்கிறாள்.

“அத்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“வாயைத் துறந்தா அழுதிருப்பன். அழுதாச் சத்தம் கேக்கும்.” பிறகு சிரித்தாள். “அத்தான் ரெண்டு தரமும் ஏசினவர். நீங்க ரெண்டு பேரும் இரிக்கிறீங்க, கச்சேரியும் நடக்குது எண்டு அதிலதான் தெரிஞ்ச. திரும்பவும் ஏச்சுக் கேக்கத்தான் மூண்டாந்தரம் எடுத்த நான்.”

இப்போது அவள் எங்களோடுதான் இருக்கிறாள். மத்தியமத்தில் இப்போதும் சண்டை பிடிக்கிறோம். போயாக் கச்சேரியும் நடக்கிறது. ராகம் கேக்கிற ஆக்களும் ஓயவில்லை.

ஓய்ந்தது வீட்டுக்காரரின் “கட்” தான். அந்த நாளிலிருந்து அவர் ஒரு அழைப்பையும் அறுப்பதில்லை. சோற்றுக் கையோடு எழும்பிப் போவார். யார் “ஆ” என்று இழுத்தாலும், கடைசி மூச்சு வரைக்கும் கேட்பார். பிழையான இலக்கத்துக்கு எடுக்கிறவர்களையும் கேட்பார். போன் கம்பனிக்காரர் விளம்பரப் பாட்டைப் போட்டுவிட்டாலும், அது முடியும் வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்பார். அந்த அம்மாவின் மகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

போன கிழமைகூட, கறி ஆறிக்கொண்டிருக்க, வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“உங்களுக்குத்தான் ஒரு ராகமும் விளங்காதே” என்றேன். “என்னத்தைக் கேட்டுக்கொண்டு நிக்கிறீங்க?”

போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஆரெண்டு தெரியாதே, மலர்.”